பேசும் பாலம்

நுழையும்முன்

பொருள்கள் தம் நிலையைத் தாமே அறிவிக்கும் காலம் இது. வயலின் ஈரமும் கடலின் அலையும் பாலத்தின் அதிர்வும் சிறு கருவிகளின் வழியே செய்தியாகித் தொலைவில் இருப்போரைச் சென்றடைகின்றன. இத்தகைய அமைப்பை ஒருமுறை உருவாக்கிக் காட்டுவது எளிது. பல்லாண்டுகள் பிழையின்றி இயக்குவது அரிது. அந்த அருமையை இராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

தகவல் எட்டாத இரவு

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பயணிகள் இரயில் புறப்பட்டது. வங்கக் கடலில் உருவான கடும்புயல் அப்போது இராமேசுவரம் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியை அடையச் சிறிது தொலைவே இருந்த நிலையில், வழிகாட்ட வேண்டிய கைகாட்டி செயலிழந்திருந்தது. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர், நீண்ட ஒலியெழுப்பிவிட்டு இரயிலை மெல்லச் செலுத்தினார் என்பர். எழுந்து வந்த பேரலை இரயிலை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். துறைமுகமும் கடைத்தெருவும் கொண்டு விளங்கிய தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊராயிற்று.

அந்த இரவில் காற்றின் வேகம் கூடிக்கொண்டிருந்தது, கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருந்தது, தண்டவாளத்தை நீர் சூழ்ந்துகொண்டிருந்தது. இவை அனைத்தும் அளக்கக்கூடியவை.  ஆயினும் அவற்றை ஓட்டுநருக்கு உரிய நேரத்தில் சேர்ப்பிக்க வழி இல்லை.

அப்புயல் 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தையும் பெரிதும் சிதைத்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாள்களில் அதனைச் சீரமைத்தார். பின்னாளில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி நிறுவப்பட்டு, இரயில் கைகாட்டியுடன் இணைக்கப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தை எட்டியபோது கைகாட்டி தானே சிவப்பு நிறம் காட்டியது. இரயில் பாலத்தில் ஏறவில்லை. எவரும் கேட்காமலேயே காற்று தன் வேகத்தைச் சொன்னது; எவரும் ஆணையிடாமலேயே இரயில் நின்றது. இணையம் பரவுவதற்கு முன்பே இக்கடற்கரையில் அமைந்த இந்த ஏற்பாடு, இன்று ‘பொருள்களின் இணையம்’ எனப்படும் தொழில்நுட்பத்தின் உட்கருத்தைத் தன்னகத்தே கொண்டிருந்தது.

பொருள்களின் இணையம்

மனிதர் தட்டச்சு செய்து தரும் தகவல்களே தொடக்க கால இணையத்தை நிரப்பின. பொருள்கள் தாமே தகவல் தரும் நிலையைக் குறிக்கப் ‘பொருள்களின் இணையம்’ என்னும் தொடரை 1999ஆம் ஆண்டு கெவின் ஆஷ்டன் என்னும் ஆங்கிலேயத் தொழில்நுட்ப வல்லுநர் பயன்படுத்தினார்.

இவ்வமைப்பு நான்கு கண்ணிகளைக் கொண்ட சங்கிலி எனலாம். வெப்பம், அதிர்வு, ஈரம் போன்றவற்றை மின்குறிப்பாக மாற்றும் உணரி முதற்கண்ணி. அக்குறிப்பைக் கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ கொண்டுசேர்க்கும் தொடர்பு இரண்டாவது. வந்து சேர்ந்த எண்களைத் தொகுத்துப் பொருள் காணும் கணினி மூன்றாவது. கண்ட பொருளுக்கேற்பச் செயற்படும் இயந்திரமோ மனிதரோ நான்காவது. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் பயனற்றுப்போகும். ஆய்வுக்கூட மேசையில் நான்கும் ஒருநாள் ஒழுங்காக இயங்குவதில் வியப்பில்லை. கடற்கரையில், மழையிலும் வெயிலிலும், பத்தாண்டுகள் இயங்குமா என்பதே வினா.

உப்புக்காற்றும் உணரியும்

பாம்பன் கடற்பகுதி உலோகங்களை விரைந்து அரிக்கும் இயல்புடையது. வெப்பமும் ஈரமும் உப்பும் ஒருங்கே கலந்த காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் தன் ஆய்வு மையத்தை அமைத்து, உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்து வந்திருப்பதே இவ்விடத்தின் இயல்புக்குச் சான்று.

இரும்புத் தூணை அரிக்கும் அதே காற்று, தூணைக் கண்காணிக்கப் பொருத்தப்பட்ட உணரியையும் அரிக்கும். மின்கம்பி இணையும் இடத்தில் படியும் மெல்லிய உப்புப்படலம் மின்தடையை மாற்றிவிடும். அப்போது உணரி நின்றுபோவதில்லை. தவறான எண்ணைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். நின்றுபோன கருவியைக் கண்டுபிடிப்பது எளிது. பிழையான அளவைச் சரியானதுபோல் காட்டும் கருவியைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே காற்றுப் புகாத உறைகள், அரிமானம் தாங்கும் இணைப்பிகள், குறித்த கால இடைவெளியில் கருவியை அறிந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணி ஆகியன உணரியின் விலையைவிட மிகுதியான செலவை உண்டாக்குகின்றன.

எண்ணிக்கை பெருகுவதும் ஒரு சிக்கலே. ஓர் உணரி நூறு நாள்களில் ஒரு நாள் மட்டுமே பிழை செய்யும் என்று கொள்வோம். மிக நல்ல கருவி என்றே அதனைச் சொல்லத் தோன்றும். ஆனால், அத்தகைய நூறு உணரிகளைக் கொண்ட அமைப்பில் அனைத்தும் பிழையின்றி இயங்கும் நாள்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 மட்டுமே. எஞ்சிய நாள்களில் எங்கேனும் ஒன்று பிழை செய்திருக்கும். எனவே பெரிய அமைப்புகளை வடிவமைப்போர், பிழையே நேராது என்று எண்ணுவதில்லை. பிழை நேரும் என்று கொண்டு, அருகருகே உள்ள உணரிகள் ஒன்றையொன்று சரிபார்க்குமாறு அமைக்கின்றனர்.

மின்னாற்றல்

கம்பி வழியாக மின்சாரம் கிட்டாத இடங்களில்தான் உணரிகள் பெரும்பாலும் தேவைப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு கருவியும் மின்கலத்தையோ சூரிய மின்தகட்டையோ நம்பி வாழ்கிறது. 2400 மில்லியாம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலத்திலிருந்து ஒரு கருவி இடைவிடாது 20 மில்லியாம்பியர் மின்னோட்டம் எடுத்தால், 120 மணி நேரத்தில், அதாவது ஐந்து நாள்களில், மின்கலம் தீர்ந்துவிடும். அதே கருவி ஒவ்வொரு நிமிடத்திலும் ஒரு நொடி மட்டும் விழித்து, எஞ்சிய நேரம் ஆழ்ந்து உறங்குமாயின் ஏறத்தாழ 300 நாள்கள் உழைக்கும். எவ்வளவு நேரம் விழித்திருப்பது என்பதை முடிவு செய்வது எளிதன்று. மிகுதியாக உறங்கினால் ஆற்றல் மிஞ்சும். ஆனால் ஆபத்து நிகழும் நொடியில் கருவி உறங்கிக்கொண்டிருக்கலாம்.

சூரிய ஆற்றல் இராமநாதபுரத்தில் குறைவின்றிக் கிடைக்கிறது. இம்மாவட்டத்தின் கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறனுடைய சூரிய மின்நிலையம் தொடங்கப்பட்டது. அங்கும் ஒரு பாடம் உண்டு. மின்தகடுகளில் படியும் புழுதி மின்உற்பத்தியைக் குறைத்துவிடும். அதனால் தகடுகளைத் துடைப்பதற்கென்றே தானியங்கி இயந்திரங்கள் அங்கு அமைக்கப்பட்டுள்ளன. கடற்கரை உணரியின் சிறு தகட்டில் புழுதியோடு உப்பும் பறவை எச்சமும் படியும். அதனைத் துடைக்க ஓர் ஆள் செல்ல வேண்டும். கடலுக்குள் இருந்தால் படகில் செல்ல வேண்டும். தானே இயங்கும் அமைப்பு என்று சொல்லப்படுவது எதுவும் முற்றிலும் தானே இயங்குவதில்லை.

செய்தி செல்லும் வழி

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மீன்பிடிக்கச் செல்வோர்க்கு இரண்டாம் கண்ணியாகிய தொடர்பே உயிர்நாடி. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அறிந்த மீனவரும், தொலைவில் உருவாகும் புயலைக் கரையிலிருந்து வரும் செய்தியால்தான் அறிய இயலும். கைப்பேசியின் அலைகளோ கரையிலிருந்து 10 முதல் 12 கிலோமீட்டர் தொலைவிற்கு அப்பால் பெரும்பாலும் கிட்டுவதில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களை எச்சரிக்கை சென்றடையவில்லை. வானிலைக் கணிப்பு இருந்தும் அதனைக் கொண்டுசேர்க்கும் வழி இல்லாமற்போனது.

இக்குறையை நீக்க 2019ஆம் ஆண்டு ‘ஜெமினி’ என்னும் கருவி அறிமுகப்படுத்தப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தரும் வானிலை எச்சரிக்கைகளையும் மீன்வளம் மிக்க இடங்களைப் பற்றிய குறிப்புகளையும் ‘ககன்’ அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாகப் பெற்று, படகில் உள்ள கைப்பேசிக்கு அது வழங்கியது. ஆனால் அது ஒருவழித் தொடர்பே. எச்சரிக்கையைப் பெற்ற படகு, தான் இடரில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல இயலாது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் உள்ள ஓர் இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்துவதை இலக்காகக் கொண்டது.

செயற்கைக்கோள் வழிச் செய்தி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அது சென்று சேர நேரமும் பிடிக்கலாம். இராமேசுவரம் படகுகளுக்கு இந்த நேரம் மிக முக்கியமானது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகளால் வரையறுக்கப்பட்ட பன்னாட்டுக் கடல் எல்லை இங்கு வெகு அருகில் உள்ளது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விசைப்படகு பத்து நிமிடத்தில் இரண்டரை கிலோமீட்டர் கடந்துவிடும். எல்லையை நெருங்குவதாகச் சொல்லும் செய்தி பத்து நிமிடம் தாழ்ந்து வந்தால், அது உண்மையாக இருந்தும் பயனற்றது.

இதனால்தான் உடனடி முடிவுகளைத் தொலைவில் உள்ள கணினிக்கு விட்டுவிடாமல், கருவியின் அருகிலேயே எடுப்பதை வல்லுநர்கள் விரும்புகின்றனர். இதற்கு ‘விளிம்புக் கணிமை’ என்று பெயர். பாம்பன் பாலத்துக் காற்றளவி வேறெந்த ஊரையும் கேட்காமல் தானே கைகாட்டியைச் சிவப்பாக்கியது இவ்வகையைச் சார்ந்ததே.

தெரியுமா?

பொருள்களின் இணையத்தில் பெரிதும் பயன்படும் செய்திப் பரிமாற்ற முறைகளுள் ஒன்று எம்.க்யூ.டி.டி. என்பதாகும். ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் 1999ஆம் ஆண்டு இதனை உருவாக்கினர். தொலைதூர எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதே அவர்களின் நோக்கம். செலவு மிக்க அத்தொடர்பில் ஒவ்வோர் எழுத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியிருந்ததால், செய்தியின் தலைப்பகுதி இரண்டு பைட்டு அளவிற்குச் சுருக்கப்பட்டது.

எண்ணும் உண்மையும்

உணரி நல்லது, தொடர்பும் சீரானது. எனினும் வந்து சேரும் எண் உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. எஃகு வெப்பத்தால் நீளும். 72.5 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டகம், வெப்பநிலை 20 பாகை செல்சியசு உயர்ந்தால் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளும். விடியலில் எடுத்த அளவிற்கும் நண்பகலில் எடுத்த அளவிற்கும் வேறுபாடு இருக்கும். அது பாலம் பழுதுற்றதன் அடையாளமா, வெயிலின் விளைவா? இதனைப் பிரித்தறிய வெப்பநிலையையும் உடன் அளக்க வேண்டும்; பல பருவங்களின் அளவுகளைத் தொகுத்து அப்பாலத்தின் இயல்பான போக்கு எது என்று அறிந்திருக்க வேண்டும்.

கடிகாரமும் ஒரு சிக்கல். இரயில் ஏறும்போது எழும் அதிர்வு, பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எவ்வாறு பரவுகிறது என்பதை அறிய, எல்லா உணரிகளும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். மலிவான மின்னணுக் கடிகாரம் பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைபடக் கூடியது. அப்பிழை ஒரு நாளில் 1.7 நொடியாகப் பெருகும். நொடியின் நூற்றில் ஒரு பங்கு கணக்காகும் இடத்தில் அது மிகப் பெரிய பிழையாகும்.

தரவின் பெருக்கமும் எண்ணத்தக்கது. நொடிக்கு நூறு முறை அதிர்வை அளக்கும் ஒரே ஓர் உணரி, ஒரு நாளில் 86 இலட்சத்து 40 ஆயிரம் எண்களைத் தரும். அனைத்தையும் அனுப்பினால் தொடர்பு தாங்காது. அனைத்தையும் சேமித்தால் செலவு தாங்காது. எதைக் கழிப்பது என்று முடிவு செய்வோர், பின்னாளில் தேவைப்படும் சான்று எது என்பதை முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும்.

பூட்டப்படாத கதவுகள்

இணையத்தில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு கருவியும் ஒரு கதவு. 2016ஆம் ஆண்டு அக்டோபரில், ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்கும் உள்ள கண்காணிப்புப் படக்கருவிகளையும் அவை போன்ற பிற கருவிகளையும் கைப்பற்றி, இணைய முகவரிச் சேவை ஒன்றைத் தாக்கியது. அமெரிக்காவில் பல முன்னணி இணையத்தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அக்கருவிகளைக் கைப்பற்ற அரிய நுட்பம் ஏதும் தேவைப்படவில்லை. ஆலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றாமல் விட்டிருந்தனர் என்பதே போதுமானதாக இருந்தது.

கருவிகளின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தால்தான் பாதுகாப்பு நிலைக்கும். கடலில் மிதக்கும் கருவிக்கும் பாலத்தின் உச்சியில் உள்ள கருவிக்கும் இது எளிதன்று. புதுப்பிக்கும்போது இடையில் மின்சாரம் நின்றால் கருவி மீளாமற் போகலாம். மேலும், பாலம் நூறாண்டு நிற்கும். கருவியைச் செய்த நிறுவனம் அவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. ‘ரிவால்வ்’ என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிக்குரிய சேவை 2016ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தப்பட்டபோது, பழுதேதும் இல்லாத கருவிகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின.

தகவல் எவருக்கு உரியது என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. எந்த இடத்தில் எந்தப் பருவத்தில் மீன் கிடைக்கும் என்பது மீனவர் தம் பட்டறிவால் சேர்த்த செல்வம். படகின் இருப்பிடத்தைத் தொடர்ந்து அனுப்பும் கருவி அச்செல்வத்தையும் வெளிப்படுத்தக் கூடும். தம்மைக் காக்க வந்த கருவி என்று அவர்கள் நம்ப வேண்டுமாயின், அத்தகவலை யார் காண்பர், எதற்குப் பயன்படுத்துவர் என்பது தெளிவாக இருத்தல் வேண்டும்.

கருவியும் மனிதரும்

சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தி, காற்று, அலை, நீர்வெப்பம் முதலியவற்றின் அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பெற்றுவருகிறது. இம்மிதவைகளுக்கு நேரும் சேதங்களுள் குறிப்பிடத்தக்கது மனிதரால் நேர்வது. மிதவையின் நிழலில் மீன்கள் கூடும். மீன்களைத் தேடிப் படகுகள் கூடும். படகை மிதவையில் கட்டும்போது உணரிகளும் மின்தகடுகளும் உடையும். சில வேளைகளில் அவை கழற்றிச் செல்லப்படுவதும் உண்டு. புயல் எச்சரிக்கைக்கு உதவும் கருவி என்பதை மீனவர்க்கு எடுத்துரைக்கும் கூட்டங்களைக் கழகம் நடத்தியதற்கு இதுவே காரணம். கருவியால் பயன்பெறுவோரே அதற்குக் காவலராகாதவரை எந்தக் கருவியும் கடலில் நிலைப்பதில்லை.

நான்காம் கண்ணியில் மற்றொரு சிக்கலும் உண்டு. ‘புலி வருகிறது’ என்று பலமுறை பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை அனைவரும் அறிந்தது. அடிக்கடி பொய் எச்சரிக்கை தரும் கருவி அச்சிறுவனைப் போன்றது. மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் எவரும் அதற்குச் செவிசாய்க்கமாட்டார். எச்சரிக்கும் எல்லையைத் தாழ்த்தி வைத்தால் பொய்யொலி மிகும். உயர்த்தி வைத்தால் ஆபத்து தப்பிவிடும். எல்லையைச் சரியாக வைப்பது கணினியின் வேலை மட்டுமன்று. பாலத்தையும் கடலையும் அறிந்த பொறியாளரின் பட்டறிவும் அதில் சேர வேண்டும்.

பாம்பன் பழைய பாலத்தின் இறுதி ஆண்டுகள் இதற்கு விளக்கமாகின்றன. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியில் விரிசல் காணப்பட்டதால் இரயில்கள் நிறுத்தப்பட்டு, சில மாதங்களுக்குப் பின் மீண்டும் இயக்கப்பட்டன. அதன்பின் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்களின் துணையுடன் பாலத்தில் உணரிகள் பொருத்தப்பட்டன. நூற்றாண்டு கடந்த இரும்பு, தன் வலியைத் தானே சொல்லத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் அக்கருவிகள் எச்சரித்தபோது பாலத்தில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பின்னர் அப்பாலத்தில் பயணிகள் இரயில் ஓடவில்லை. இராமேசுவரம் செல்வோர் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே செல்ல நேர்ந்தது. வணிகருக்கும் பயணிகளுக்கும் இடையூறு இருந்தது. ஆயினும் எவரும் உயிரிழக்கவில்லை. 1964ஆம் ஆண்டில் பேசாத கைகாட்டியின் முன் ஓர் ஓட்டுநர் தனித்து முடிவெடுக்க நேர்ந்தது. 2022இல் கருவி பேசியது; கேட்க வேண்டியவர்கள் கேட்டனர்.

புதிய பாலம்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. பழைய பாலத்தின் தூக்குப் பகுதியைத் தொழிலாளர்கள் தம் கைவலியால் இயக்கினர். புதிய பாலத்தில் அப்பணியை மின்விசைப் பொறிகள் செய்கின்றன. அரிமானத்தைத் தாங்கத் துருவேறா எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் பயன்பட்டுள்ளன. ஆனால், அதே உப்புக்காற்றுதான் இன்றும் வீசுகிறது. இப்பாலமும் இதிலுள்ள கருவிகளும் எத்தனை ஆண்டுகள் உண்மை பேசும் என்பது, அவற்றைத் துடைத்து, திருத்தி, புதுப்பித்து, அவை சொல்வதைக் கேட்டுச் செயற்படும் மனிதர்களைப் பொறுத்தது. பொருள்களை இணைப்பது ஒருநாள் வேலை. அவ்விணைப்பைக் காப்பது ஒவ்வொரு நாளின் கடமை.

கலைச்சொல் அறிவோம்

உணரி – சென்சார்
தரவு – டேட்டா
அரிமானம் – உலோகம் சூழலால் அரிக்கப்படுதல்
விளிம்புக் கணிமை – தரவு தோன்றும் இடத்திற்கு அருகிலேயே கணித்து முடிவெடுத்தல்
தீநிரல் – தீங்கு விளைவிக்கும் மென்பொருள்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் குளம், வயல், பாலம், மேல்நிலை நீர்த்தொட்டி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் உணரி அமைத்தால் நான்கு கண்ணிகளும் எவ்வாறு அமையும், அவற்றுள் எது முதலில் பழுதுபடும் என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. ‘எச்சரிக்கை தவறாமல் வருவதைவிட, அது நம்பத்தக்கதாக இருப்பதே முதன்மையானது’ – வகுப்பில் கலந்துரையாடுக.